நாலு விரல் இடம்

மறியல், கொழும்பு
08.12.1996

டீச்சரம்மாவுக்கு,

ஒஸ்டின் காரின் அடிப்பலகையில் பெட்டரிக்குக் கதவு வெட்டச் சொன்னது நீங்கள். வெட்டியது நான். "அந்தக் கதவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது" என்று பொலிசில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் நீங்கள். அந்தக் கையெழுத்தால் பதினெட்டு நாளாக நான் இந்த மறியல் சிறைக்குள்ளே இருக்கிறேன்.

இதை முதலில் சொல்லிவிட்டேன். சுகம் விசாரிப்பது பிறகு.

இந்தக் கடிதத்தை உங்களுக்கு முன் இங்கே ஒரு ஐயா வாசிப்பார். தமிழ் தெரிந்தவர். அவருக்கும் விளங்கட்டும் என்று நடந்ததை ஆரம்பத்தில் இருந்து எழுதுகிறேன். உங்களுக்கும் மறந்துபோனது போல் தெரிகிறது.

அது 1938ஆம் வருசத்துக் கார். உங்கள் வீட்டுக்காரர், எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு மருந்து கொடுத்த மருந்தையா, சீமைக்குத் திரும்பிப் போன துரையிடம் வாங்கியது. இந்தக் காலத்துக் கார் மாதிரி எஞ்சினுக்குப் பக்கத்தில் பெட்டரி இல்லை. பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் பலகைக்குக் கீழே இருக்கிறது. அதைத் தொட வேண்டும் என்றால் பின் சீட்டைத் தூக்கி வெளியில் வைக்க வேண்டும். விரிப்பைச் சுருட்ட வேண்டும். பலகையின் எட்டுத் திருகானியையும் கழற்ற வேண்டும். நாற்பது நிமிட வேலை. டைனமோவுக்கு வயதாகிவிட்டது. நம் ஊர் மழையில் லைட்டும் வைப்பரும் போட்டால் பெட்டரி இறங்கிவிடும். பத்து நாளைக்கு ஒரு தரம் கழற்றி, யட்டியாந்தோட்டை பசாரில் முக்தார் நானாவின் கடையில் சார்ஜ் போட வேண்டும்.

1994ஆம் வருசம் பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்குப் போக ஏறி உட்கார்ந்தீர்கள். பெட்டரி செத்துக் கிடந்தது. நான் எட்டாவது திருகானியைக் கழற்றும்போது கோயிலில் பதினாலு ஸ்தலமும் முடிந்துவிட்டது. அப்போது நீங்கள் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது.

"நல்லையா, இந்தப் பலகையில ஒரு கதவு வெட்டுங்க. வருசா வருசம் சாமிகிட்ட சாக்குச் சொல்ல என்னால ஏலாது."

வெட்டினேன். பழைய மருந்து அலுமாரியின் கீல் இரண்டு. தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் கழித்துப் போட்ட கிரேப் ரப்பரை ஓரத்தில் ஒட்டினேன், தண்ணி ஏறாது. கீழே தகரத்தில் தொட்டி. இரண்டு பக்கமும் கை விட்டுப் பெட்டரியைத் தூக்க, பக்கத்துக்கு நாலு விரல் இடம் கூடுதலாக விட்டேன். இதை எனக்கு எந்த மெக்கானிக்கும் சொல்லித் தரவில்லை. நாற்பது நிமிட வேலை ஆறு நிமிடமானது. நீங்களே மணி பார்த்தீர்கள்.

இப்போது பொலிசார் கேட்பது ஒரே கேள்வி. பெட்டரிக்கென்றால் பெட்டரி அளவுக்கு வெட்டலாமே, அந்த நாலு விரல் இடம் எதற்கு?

நீங்கள் பொலிசுக்குப் போய், கதவு வெட்டச் சொன்னது நான்தான் என்று சொல்ல வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

கண் எப்படி இருக்கிறது? ஒப்பரேஷன் சரியாக வந்ததா?

நல்லையா


ஹார்ட்வெல் தோட்டம், மேல்பிரிவு
யட்டியாந்தோட்டை
22.12.1996

சேசுவுக்குப் புகழ்.

நல்லையாவுக்கு,

கடிதம் கிடைத்தது. "திருகாணி"க்கு மூன்று சுழி ணி வரும். நீங்கள் இரண்டு இடத்திலும் இரண்டு சுழிதான் போட்டிருக்கிறீர்கள். முப்பத்தொரு வருடம் சிவப்பு மையோடு இருந்த கை, சும்மா இருக்காது. கோபிக்க வேண்டாம்.

ஆனால் கோபிக்கும் உரிமை உங்களுக்கு மட்டும் இருப்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் பிடித்த அன்றைக்கு நான் பட்டதையும் கேளுங்கள். கரவனெல்ல ஆஸ்பத்திரியில் காலை பத்து மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்று துண்டு வெட்டிவிட்டார்கள். வலது கண்ணில் கட்டு. இடது கண்ணிலும் பூ விழுந்திருக்கிறது, அது உங்களுக்குத் தெரியும். கார் வரும் வரும் என்று மூன்று மணி வரைக்கும் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு தாதி என் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். நீங்கள் காரை ஹயருக்கு ஓட்டிக்கொண்டு தெஹியோவிட்டப் பக்கம் போய்விட்டீர்கள் என்றுதான் நினைத்தேன். வழி முழுக்க உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அதற்கு மட்டும்.

இரண்டு நாள் கழித்துப் பொலிசார் வந்தார்கள். உட்காரச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தேன். கேட்டது இதுதான்: "டீச்சர், ஒங்க கார்ல ஹொர தொர ஒண்ணு இருக்காமே?" ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துக் காரில் கள்ளக்கதவா? எனக்கு முகமெல்லாம் எரிந்தது. "எங்க கார்ல அப்படி ஒண்ணும் கிடையாது. பெட்டரிக்கு ஒரு மூடி இருக்கு, அவ்வளவுதான்" என்றேன். அவர்கள் சிங்களத்தில் எழுதினார்கள். எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. வந்திருந்தாலும் அன்றைக்கு எந்தக் கண்ணால் வாசிப்பது? விரலை வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

நான் சொன்னதில் பொய் இல்லை. மூடி என்றுதான் அதற்குப் பெயர். கள்ளக்கதவு என்று பெயர் வைத்தது யார்? பசாரில், முக்தார் கடை வாசலில், நாலு பேர் பார்க்க, "டீச்சரம்மா, கள்ளக்கதவைத் தொறக்கவா?" என்று சத்தம் போட்டு என்னை நாணவைத்தது யார்? அந்தப் பெயர் வேண்டாம் என்று எத்தனை தரம் சொன்னேன்? அது எதனால் வந்த பெயர் என்பது நமக்குள் இருக்கட்டும்.

மறுபடி பொலிசுக்குப் போகச் சொல்கிறீர்கள். என் மகன் ரொபர்ட் வெள்ளவத்தையில் ஒரு அறையில் தங்கி வேலை பார்க்கிறான். இந்த நாட்களில் தமிழ்ப் பிள்ளைகள் அங்கே எப்படி இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா? மாதத்துக்கு ஒரு தரம் பொலிசில் பதிய வேண்டும். தாயின் பெயர் இன்னொரு காகிதத்தில் ஏறினால் அவனுக்கு அறை கொடுத்தவர்கள் மறுநாளே சாமானை வெளியில் வைத்துவிடுவார்கள்.

உங்கள் வீட்டுக்காரி அழகம்மாவிடம் இரண்டு சவர்க்காரமும் ஒரு துவாயும் கொடுத்தனுப்புகிறேன். நத்தார் பண்டிகைக்கு உங்களுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்துவேன்.

மெரினா ஸ்டீபன்


மறியல், கொழும்பு
12.01.1997

டீச்சரம்மாவுக்கு,

சவர்க்காரம் வந்தது. மெழுகுதிரியால் எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. திருகானியை நான் இப்படித்தான் எழுதுவேன். எந்தச் சுழி போட்டாலும் அது கழறும்.

பெயரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெயரால் தப்பு வந்தது உண்மை. மறைக்க மாட்டேன்.

உங்களைக் கூட்டிவர ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில், பாலத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்தினார்கள். ஆமிப் பொடியன் ஒருவன், மீசைகூட ஒழுங்காக வரவில்லை. காரைப் பார்த்துச் சந்தோசப்பட்டான். "இதுக்கு ஒங்க வயசு இருக்குமா, சீயா?" என்று தாத்தா முறை வைத்துக் கேட்டான். "என்னைவிட எட்டு வயசு எளசு, ஆனா என்னைவிட நல்லா இருமும்" என்றேன். சிரித்தான். இப்படிச் சிரித்துக்கொண்டே விரிப்பைத் தூக்கினான்.

"மே மொகக்த, சீயா?" இது என்ன என்று கேட்டான்.

"ஹொர தொர, மஹத்தயா."

அவ்வளவுதான். இரண்டரை வருசமாக ஊரெல்லாம் சொல்லும் பெயர். முக்தார் நானா சொல்வார், பஸ் கொண்டக்டர் சொல்வான், சிங்கள ஆட்கள் ஹொர தொர என்றே சொல்வார்கள். வாயில் அதுதான் வந்தது. சொல்லிவிட்டு நானும் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. பின்னால் திரும்பிப் பெரியவரைக் கூப்பிட்டான்.

சிங்களம் தெரியாதவன் என்றாலாவது தப்பியிருப்பேன். "இவ்வளவு நல்லாச் சிங்களம் பேசுற ஆள், தெரியாமச் சொன்னான்னு நான் எப்படிச் சொல்றது?" என்று என் லோயரே கேட்கிறார்.

பெரியவர் வந்தார். உள்ளே என்ன என்றார். "பெட்டரி மட்டுந்தான் சேர், கையை விட்டுப் பாருங்க" என்றேன். அந்த நாலு விரல் இடத்தில் கையை விட்டார். ஒரு பொட்டலம் வந்தது.

டீச்சரம்மா, நான் திகைத்துப்போனேன். கமுகம் பாளையில் சுற்றி ரப்பர் நாடா போட்ட பொட்டலம். பிரித்தார். கறுப்பாக, பிசின் மாதிரி, எண்ணெய் வழிந்துகொண்டு, அழுத்தினால் அமுங்குகிறது. நாலைந்து நாள் பெட்டரிக்குப் பக்கத்தில் கிடந்ததோ என்னவோ, முகர்ந்தால் அசிட் வாடைதான். பெரியவர் அதை அப்படியே தரையில் வைத்துவிட்டுப் பின்னால் போனார். எல்லோரையும் தூரப் போகச் சொன்னார்கள். பாதையை மூடினார்கள். இரண்டு பஸ்ஸும் ஒரு பால் லொறியும் ஒரு மணி நேரம் நின்றன. நான் தரையில் குப்புறப் படுத்திருந்தேன்.

அதை ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வர ஒரு வருசமும் ஆகலாம் என்கிறார்கள். அதுவரை விடமாட்டார்கள்.

யார் வைத்தது என்று கேட்டார்கள். எத்தனை தரம், எப்படிக் கேட்டார்கள் என்பதை எழுதினால் இந்தக் கடிதம் வெளியே வராது. தெரியாது என்றேன். யாருடைய பெயரையும் சொல்லவில்லை. பெயர் சொன்னால் அந்த ஆளையும் கொண்டுவருவார்கள். கண்ணில் கட்டு இருக்கிறது, சீனி வருத்தம் இருக்கிறது என்றெல்லாம் பார்க்கமாட்டார்கள். இது எனக்குத் தெரியும்.

அந்தப் பொட்டலம் என்னவென்று உங்களுக்குத் தெரியுமா என்று இந்தக் கடிதத்தில் நான் கேட்கவில்லை. கவனமாக வாசியுங்கள். கேட்கவில்லை.

நல்லையா


ஹார்ட்வெல் தோட்டம்
16.02.1997

நல்லையாவுக்கு,

இதோடு நாலாவது தாள் எடுக்கிறேன். மூன்றைக் கிழித்துவிட்டேன்.

பொட்டலம் கறுப்பு என்று எழுதியிருந்தீர்கள். நன்றாகப் பார்த்தீர்களா? ரப்பர் நாடா சிவப்பா?

போன வாரம் பொலிசுக்குப் போனேன். போகமாட்டேன் என்று எழுதியவள் போனேன். பஸ்ஸில் இருந்து இறங்கி வாசல் வரைக்கும் போனேன். காரை முற்றத்தின் மூலையில், ஒரு பலா மரத்துக்குக் கீழே விட்டிருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தேன், கதவுகள் திறந்து கிடந்தன. சீட்டு இல்லை. அந்த மூடி கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டரியைக் காணவில்லை. நீங்கள் அடித்த தகரத் தொட்டியில் மழைத் தண்ணீர் நிறைந்து, தலைப்பிரட்டை ஓடியது. பெட்டரி இல்லாமல் பார்த்தால், நல்லையா, எனக்கே அது எதையோ ஒளித்து வைக்கும் குழி மாதிரித்தான் தெரிந்தது. நான் வெட்டச் சொன்ன குழி.

காவலுக்கு நின்றவர் "என்ன வேணும்?" என்றார். "ஒண்ணுமில்லை, பஸ்ஸுக்கு நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

இதற்கு முன் இப்படி ஒன்று நான் செய்ததில்லை. செய்திருந்தாலும் எழுதியதில்லை.

அழகம்மா என்னோடு பேசுவதில்லை. காலையில் வருகிறாள், வீடு கூட்டுகிறாள், சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போகிறாள். போன கிழமை தேத்தண்ணி நீட்டினேன். "எங்க வீட்டுக்காரர் அங்க என்ன குடிக்கிறாரோ" என்றாள். கோப்பையை நானே குடித்தேன். ஞாயிறு பூசைக்கு இப்போது போவதில்லை. முன்பெல்லாம் கார் இல்லாததால். இப்போது எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பதால்.

ஒன்று செய்வோம். காரைத் திருப்பித் தந்ததும் அந்த மூடியை வெல்ட் வைத்து அடைத்துவிடுவோம். கேட்பவர்களுக்குக் காட்டவும் ஒன்றும் இருக்காது.

இன்னும் எழுத இருக்கிறது. எழுத வரவில்லை.

மெரினா


மறியல், கொழும்பு
23.03.1997

டீச்சரம்மாவுக்கு,

நாடா சிவப்பு.

வெல்ட் வைக்கக் கூடாது. நான் கைப்பட வெட்டியது. குற்றம் செய்தவன்தான் அடைத்து மறைப்பான்.

இங்கே ஒரு காகிதம் வந்திருக்கிறது. "எனக்குத் தெரிந்தே அந்தச் சாமான் காரில் இருந்தது" என்று கையெழுத்துப் போட்டால், சின்னத் தண்டனையாகக் கொடுத்து ஆறு மாதத்தில் விடுவார்களாம். என்னோடு இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் போட்டுவிட்டார்கள். மஸ்கெலியாவில் இருந்து வந்த ஒருவர் "தாத்தா, ஒரு கோடு கிழிச்சுக் குடுத்துட்டு ஊருக்குப் போங்க, உண்மையை வச்சிக்கிட்டு இங்க என்ன, உப்புப் போட்டு நக்கவா?" என்றார். நல்ல பிள்ளை. அவரும் போட்டுவிட்டார்.

நான் போடவில்லை. லோயர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். திரும்பி வருவார், அழகம்மா தோடு அடகு வைத்துக் கொடுத்திருக்கிறாள்.

ஏன் போடவில்லை என்று அழகம்மாவும் கேட்டு அனுப்பியிருக்கிறாள். அவளுக்கு இதை நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டும். நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. எட்டு வயதில் ரப்பர்ப் பால் வாளி தூக்கினேன். கடுதாசிப் பையில் ஒட்டியிருந்த எழுத்தைப் பார்த்து எழுத்துப் படித்தேன். காரைக் கழற்றிப் பூட்டிக் கார் படித்தேன். எனக்கென்று இருக்கும் சான்றிதழ் நான் செய்த வேலைதான். அந்தக் கதவு பெட்டரிக்கு. வேறு எதற்கோ என்று நானே எழுதிக் கொடுத்தால், பிறகு வெளியே வருகிறவன் யார்? எனக்கு அவனைத் தெரியாது.

இங்கே நாற்பது பேர் படுக்கிற இடத்தில் நூற்றுப் பத்துப் பேர் இருக்கிறோம். ஒருவர் கால் நீட்டினால் ஒருவர் மடக்க வேண்டும். புரண்டு படுக்கக் கை தட்டிச் சொல்கிறார்கள், எல்லோரும் ஒன்றாகப் புரள்கிறோம். எனக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் நடுவில் நாலு விரல் இடம்கூட இல்லை. பெட்டரிக்கு நான் இதைவிட நன்றாகச் செய்து கொடுத்தேன்.

வழக்குத் திகதி ஜூன் 3ஆம் திகதி. அன்றைக்கு யாரும் வரவில்லை என்றால் அடுத்த திகதி எப்போது என்று யாருக்கும் தெரியாது.

ஒரு கேள்வி. பெட்டரியைக் காணவில்லை என்று எழுதினீர்கள். அந்த அளவுப் பெட்டரி இப்போது எந்தக் கடையிலும் இல்லை. ஆனால் 1993இல் செத்த பழைய பெட்டரியின் வெறும் பெட்டியை முக்தார் நானா கழுவிக் கொடுத்தார். அதை என்ன செய்தீர்கள்? எறியாமல் வைத்திருந்தால், அந்தக் குழி எதற்கென்று அது சொல்லும். நான் சொல்வதைத்தான் யாரும் நம்பவில்லை.

நல்லையா


ஹார்ட்வெல் தோட்டம்
20.04.1997

நல்லையா அண்ணன் அவர்களுக்கு,

பெட்டி இருக்கிறது. முன் வாசலில். அதில்தான் அந்தூரியம் வைத்திருக்கிறேன். நாலு வருடமாக அதன் பக்கத்தில் நின்று பூப் பறிக்கிறேன், நினைவு வரவில்லை. அளந்தேன். நீளம் ஒன்பது அங்குலம், அகலம் ஏழு.

இனி எழுத வராததை எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை முதலில் வாசிக்கும் ஐயாவும் நன்றாக வாசிக்கட்டும்.

அது தொதல்.

முக்தாரின் மனைவி லதீபா, மகள் நூரியாவின் கல்யாணத்துக்குக் கித்துல் மரத்துப் பாணியில், அந்த இனிப்புப் பாகில், அல்வா மாதிரிக் கிண்டிய தொதல். எனக்கென்று கமுகம் பாளையில் சுற்றித் தந்தாள். சீனி கூடினால் கண்ணை வெட்டமாட்டோம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதனால் ரொபர்ட் கொழும்பில் இருந்து வந்து நின்று, என் பெட்டி படுக்கை எல்லாம் சோதித்தான், பள்ளிப் பிள்ளையைச் சோதிப்பதுபோல. ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அன்று, நீங்கள் பெட்டரிக்குத் தண்ணி பார்த்துவிட்டுக் கை கழுவப் போன நேரத்தில் உள்ளே வைத்தேன். ஒப்பரேஷன் முடிந்து வரும்போது ஒரு துண்டு. அவ்வளவுதான் என் திட்டம்.

அது முதல் தரம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். "அசிட்டுக்குப் பக்கத்துல திங்கிற சாமான் வைக்காதீங்க, குடல் வெந்துரும்" என்று நீங்கள் கத்தியதும், ரொபர்ட்டிடம் சொல்லமாட்டேன் என்று முருகன்மேல் சத்தியம் செய்ததும், அன்றைக்கே அதற்குக் கள்ளக்கதவு என்று பெயர் வைத்ததும் எனக்கு நினைவிருக்கிறது. கள்ளி நான். பெயர் கதவுக்குப் போனது.

உங்கள் ஜனவரிக் கடிதத்தை வாசித்த அன்றே எனக்கு விளங்கிவிட்டது. மூன்று மாதம் பேசாமல் இருந்தேன். ரொபர்ட்டுக்காக என்றேன். ஒரு பகுதி அது. மறு பகுதி, கோர்ட்டில் எழுந்து நின்று, இத்தனை வருடம் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொன்னவள், தொதல் ஒளித்தேன் என்று சொல்வதா என்ற வெட்கம். ஒரு வெட்கத்துக்கு ஐந்து மாதம் என்று இப்போது கணக்குப் பார்க்கிறேன்.

இடது கண்ணையும் வெட்டியாயிற்று. லோயர் தந்த என் வாக்குமூலத்தை லதீபாவின் மருமகன் வாசித்துச் சொன்னான். "எனக்கு அந்தக் கதவைப் பற்றி ஒன்றும் தெரியாது. டிரைவர் என்னிடம் கேட்காமல் செய்திருக்கலாம்" என்று இருக்கிறது. மூடி என்ற சொல்லே இல்லை. வாசிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று எத்தனை நூறு பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

ஜூன் 3ஆம் திகதி வருகிறேன். ஆனால் இரண்டு விசயம் கேட்கிறேன், தங்கச்சி கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, கோர்ட்டில் நாம் இரண்டு பேரும் "பெட்டரி மூடி" என்றே சொல்லுவோம். இரண்டாவது, அந்தத் தொதல் உங்களுடையது என்று சொன்னால் என்ன? உங்களுக்குச் சீனி வருத்தம் இல்லை. நீங்கள் தின்றால் யாரும் சிரிக்கமாட்டார்கள். நான் கதவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அழகம்மாவிடம் உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னாள். பிறகு, "அந்த மனுசன் அப்படித்தான்" என்றாள். இன்றைக்குத் தேத்தண்ணி குடித்தாள்.

மெரினா


மறியல், கொழும்பு
04.05.1997

டீச்சரம்மாவுக்கு,

முப்பது வருசம் நல்லையா என்றுதான் கூப்பிட்டீர்கள். இப்போது அண்ணன் என்று எழுதியதற்காகத் தொதலை நான் ஏற்க மாட்டேன்.

அது என்னுடையது என்று சொல்ல முடியாது. என்னவென்று தெரியாது என்று பாலத்தடியில் சொன்னேன். பொலிசில் சொன்னேன். அடித்தபோதும் அதையே சொன்னேன். இன்றைக்கு என்னுடைய தொதல் என்று சொன்னால், அவ்வளவு நாளும் சொன்னது பொய் என்றாகிவிடும். ஒரு பொய் கிடைத்தால் மற்றதையும் நம்பமாட்டார்கள்.

பெட்டரி மூடி என்றும் சொல்ல முடியாது. பொடியனிடம் ஹொர தொர என்று சொன்னவன் நான். என் வாக்குமூலத்தில் மூன்று இடத்தில் அதுதான் இருக்கிறது. ஏன் அந்தப் பெயர் என்று நீதவான் கேட்கட்டும். கேட்கத்தான் வேண்டும். அந்தப் பெயருக்குக் காரணம் தெரிந்தால் முழு வழக்கும் தெரிந்துவிடும். அதைச் சொல்லக்கூடியவர் ஒரே ஆள்தான், அது நான் இல்லை. சத்தியம் செய்திருக்கிறேன்.

வெட்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இங்கே நூற்றுப் பத்துப் பேருக்கு மூன்று கக்கூஸ். வெட்கம் எவ்வளவு சீக்கிரம் போகும் என்று எனக்குத் தெரியும். போன பிறகு ஆள் அப்படியேதான் இருக்கிறோம்.

கடிதம் வாசிக்கும் ஐயா உங்கள் கடிதத்தைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்த்தார். "தொதலா?" என்றார். "எனக்குத் தெரியாது ஐயா, எழுதினவங்களைக் கேளுங்க" என்றேன். ஆறு மாதத்தில் முதல் தரமாக அவர் சிரித்ததைப் பார்த்தேன். நானும் சிரிக்க வந்தேன். போன தரம் சிரித்தது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன்.

ஜூன் 3ஆம் திகதிக்குச் செய்ய வேண்டியவற்றைக் கீழே எழுதுகிறேன். ஒன்றுகூட விடக் கூடாது. அழகம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, முக்தார் நானாவிடம் கொடுத்து வையுங்கள்.

ரொபர்ட் தம்பியிடம் தொதல் விசயத்தைச் சொல்ல வேண்டியது: நீங்கள். கோர்ட்டுக்கு முன்னாலேயே, நேரில். அவர் அறையை மாற்ற வேண்டி வந்தால் அதற்கு அவருக்கு நாள் வேண்டும்.

அந்தூரியத்தை வேரோடு எடுத்து வேறு சட்டியில் வைத்து, பெட்டியைக் கழுவிக் காய வைக்க வேண்டியது: அழகம்மா. நீங்கள் குனியக் கூடாது.

அந்தப் பெட்டியையும் அளவுகோலையும் கோர்ட்டுக்குக் கொண்டு வந்து, பத்து நாளைக்கு ஒரு தரம் தன் கடைக்கு வந்த பெட்டரி இந்த அளவுதான் என்று சொல்ல வேண்டியது: முக்தார் நானா. தூக்கும்போது கை எப்படிப் போகும் என்று காட்டவும் வேண்டும். இரண்டு கையும். நாலு விரல்.

காரைக் கோர்ட் முற்றத்துக்குக் கொண்டுவர மனுப் போட வேண்டியது: லோயர். தொட்டியில் தண்ணி இருந்தால் வாரி இறைக்க வேண்டியதும் அவருடைய ஆள்தான். எட்டுத் திருகாணியும் இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அதே கித்துல் பாணியில், அதே பதத்தில் தொதல் கிண்டி, கமுகம் பாளையில் சுற்றிச் சிவப்பு நாடா போட்டுத் தர வேண்டியது: லதீபா. எண்ணெய் வடிக்கக் கூடாது. அன்றைக்கு வழிந்த மாதிரியே வழிய வேண்டும்.

கதவு வெட்டச் சொன்னது நான், பொட்டலம் வைத்தது நான், அதன் பெயர் ஹொர தொர, பெயர் வந்தது என்னால் என்று, சிங்களத்தில், கடைசி வாங்குக்குக் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டியது: நீங்கள்.

நீதவான் நம்பவில்லை என்றால் அவர் முன்னால் அந்தத் தொதலில் ஒரு துண்டு தின்று காட்ட வேண்டியது: நீங்கள். ஒரு துண்டுதான். காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

மிச்சத்தை உங்கள் கையில் இருந்து வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டியது: ரொபர்ட் தம்பி.

கதவை வெல்ட் வைத்து அடைக்க வேண்டியது: ஒருவரும் இல்லை.

நீங்கள் வாயைத் திறக்கும் வரைக்கும் உள்ளே இருக்க வேண்டியது: நான்.

நல்லையா